மறதி நோய் உள்ள அப்பாவுக்கு டேப்லெட் வாங்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. கும்பகோணத்தில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அல்சைமர் என்று கண்டறிந்து இரண்டு ஆண்டு ஆகப்போகிறது. சாப்பாடு, குளியல் எல்லாம் சொன்னால் செய்கிறார். மற்றபடி நாள் முழுவதும் டிவி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அம்மாதான் கூட இருக்கிறார், நான் பெங்களூரில். மூளைப் பயிற்சி விளையாட்டுகள் போட்டு ஒரு டேப்லெட் வாங்கித் தரலாமா? வெளிநாடுகளில் ரோபோ எல்லாம் கொடுக்கிறார்களாமே, அதில் உண்மையிலேயே பயன் உண்டா?

பதில்:

டேப்லெட் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் மூளைப் பயிற்சி விளையாட்டுகளுக்காக வாங்காதீர்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, 2018இல் வெளியிட்ட, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கான வழிகாட்டியில், லேசான மற்றும் நடுத்தர நிலை அல்சைமருக்கு இந்த மாதிரி அறிவாற்றல் பயிற்சியைச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் லுமோசிட்டி என்ற பிரபலமான மூளை விளையாட்டை நடத்தும் நிறுவனம், வயதானால் வரும் மறதியையும் டிமென்ஷியாவையும் தள்ளிப்போடலாம் என்ற தோரணையில் போதிய ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக, 2016இல் அந்நாட்டு வர்த்தக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. பணம் வீணாவதுகூடப் பரவாயில்லை. அந்த விளையாட்டுகள் ஒவ்வொரு தவறையும் எண்ணிக் காட்டுகின்றன. ஒரு காலத்தில் ஊரின் கதவு எண்களை எல்லாம் மனத்தில் வைத்திருந்த மனிதர், திரையில் சிவப்புப் பெருக்கல் குறி வரும் ஒவ்வொரு முறையும் தான் இழந்ததைப் பார்க்கிறார். மூன்றாம் நாள் டேப்லெட்டைத் தள்ளி வைத்துவிடுவார். "அப்பா ஒத்துழைப்பதில்லை" என்று அம்மா உங்களிடம் போனில் வருத்தப்படுவார்.

அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது டிவி பிடித்துப்போய் அல்ல. எழுந்து வேறொன்றைத் தொடங்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு காரியத்தை நினைத்து, வரிசைப்படுத்தி, முதல் அடியை எடுத்து வைப்பது மூளையின் முன்பகுதி சார்ந்த வேலை. அல்சைமரில் அது தளரும்போது ஆர்வமே வற்றிப்போனது போன்ற ஒரு நிலை வருகிறது. இந்த நோயில் மிகப் பரவலாகக் காணப்படும் அறிகுறிகளில் அதுவும் ஒன்று. வீட்டார் அதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சைக்கிள் மிதிப்பது, சீட்டு அடுக்குவது, காகிதம் மடிப்பது போன்ற கைப்பழக்கங்களை மூளையின் வேறு பகுதிகள் காத்துவைக்கின்றன. நேற்று நடந்தது நினைவில் தங்காத பிறகும் அவை நெடுநாள் பிழைத்திருக்கும். தள்ளிவிட்டால் ஓடுகிற பழைய வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே எந்தக் கருவியைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் அடியை இது அவருக்காக எடுத்துவைக்கிறதா? இதில் தோற்க வழி இருக்கிறதா? முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் வாங்கலாம்.

அதற்கு முன்னால் காதும் கண்ணும். கேட்கும் திறன் குறைந்தவருக்குக் காது கேட்கும் கருவியைவிடப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. கண்புரை இருந்தால் எந்தத் திரையும் அவருக்கு மங்கல்தான். மறதி நோய் என்று தெரிந்த பிறகு இந்த இரண்டையும் பரிசோதிக்கவே மறந்துவிட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இந்த அசைவின்மை சில நாட்களுக்குள் திடீரென்று வந்தது என்றால் கருவி தேடாமல் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, புதிதாகச் சேர்த்த மாத்திரை இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். மனச்சோர்வும் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும். அதற்குச் சிகிச்சை உண்டு.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு ரோபோ அல்ல, ஒரு மேசை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெஸ்டர் லெ ரிஷ் என்ற வடிவமைப்பாளர் தன் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கியது. முதியோர் இல்லங்களில் நாள் முழுவதும் நாற்காலியில் அசையாமல் இருப்பவர்களை எப்படி அசைய வைப்பது என்பதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். அதிலிருந்து உருவாகி 2015 வாக்கில் விற்பனைக்கு வந்தது டோவர்டாஃபெல். கூரையில் பொருத்திய ஒரு பெட்டி, சாதாரணச் சாப்பாட்டு மேசையின் மீது ஒளிப்படங்களைப் பாய்ச்சும். மேசை முழுவதும் உதிர்ந்த இலைகள் தெரியும். கையால் விலக்கினால் இலைகள் நகரும். பந்து உருண்டு வரும்; தட்டினால் எதிரில் இருப்பவரிடம் போகும். கை அசைவைப் பெட்டியில் உள்ள உணரிகள் கண்டுகொள்கின்றன. விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, பொத்தான் இல்லை, மதிப்பெண் இல்லை. மேசையில் இலை கிடந்தால் கை தானாகவே தள்ளப் போகும். அந்த அனிச்சையான அசைவைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். கூடவே எதிரில் இருப்பவரை நிமிர்ந்து பார்க்கவும் வைக்கிறது. தனியாகக் குனிந்து பார்க்கும் திரையால் அது முடியாது.

இதன் விலை பல ஆயிரம் யூரோ, நிறுவனங்களுக்கானது. நீங்கள் வாங்க வேண்டாம். அதன் உத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கேரம் பலகை இருந்தால் அதை எடுத்து மேசைமேல் போட்டு, காய்களைப் பரப்பி, அம்மாவை எதிரில் உட்காரச் சொல்லுங்கள். விதிகள் வேண்டாம். காய் அவர் பக்கம் வந்தால் விரல் சுண்டும். டோவர்டாஃபெல் மேசையில் பழமொழியின் முதல் பாதியைக் காட்டி மறுபாதியை ஆட்களே சொல்லவிடும் விளையாட்டும் ஒன்று உண்டு. "ஆடிப் பட்டம்" என்று நீங்கள் ஆரம்பித்து நிறுத்துங்கள், "தேடி விதை" என்று அவர் முடிக்கிறாரா பாருங்கள். பேச்சே குறைந்துவிட்டவர்கள்கூட இப்படி மறுபாதியைப் பிடித்துக்கொள்வார்கள்.

உங்கள் அப்பா தபால்காரர் என்று படித்ததுமே எனக்கு நினைவு வந்தது நார்வேதான். பெர்கன் நகரில் பிறந்த மோட்டிவியூ என்ற ஏற்பாட்டில், முதியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதிக்கும் பெடல் கருவி ஒன்று, அதன் எதிரில் பெரிய திரை. திரையில் அவர் வளர்ந்த ஊரின் தெருக்கள் சைக்கிளில் போகிறவரின் கண்ணுக்குத் தெரிவது போல ஓடும். பின்னணியில் அவருடைய இளமைக்காலப் பாட்டு. "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றால் ஐந்து நிமிடத்தில் சலித்துப்போகிறவர்கள், "இந்த முக்கில் என் மாமா வீடு இருந்தது" என்று பேசிக்கொண்டே நெடுநேரம் மிதிக்கிறார்கள். பல நாட்டு முதியோர் இல்லங்கள் சேர்ந்து இதில் ஆண்டுதோறும் ஒரு உலகப் போட்டியே நடத்துகின்றன.

இதைக் கும்பகோணத்தில் நீங்களே செய்துவிடலாம். தரையில் வைத்து மிதிக்கும் பெடல் கருவி சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஒருவரை ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து, அவர் தபால் கொடுத்த தெருக்களைக் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். அகல வாக்கில் பிடியுங்கள். சைக்கிள் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். இடையில் வெட்டு, ஒட்டு, தலைப்பு எதுவும் வேண்டாம். காட்சி சட்டென்று தாவினால் அவர் தடுமாறுவார். தலைமைத் தபால் நிலையத்திலிருந்து கிளம்பி மகாமகக் குளத்தைச் சுற்றி, சாரங்கபாணி கோயில் பக்கம் போய்த் திரும்பி வந்தால் போதும். கடைகள் மாறியிருக்கும், கோபுரம் மாறாது. அதை வீட்டு டிவியில் போட்டுவிட்டு, நாற்காலிக்கு முன்னால் பெடலை வையுங்கள். "மிதியுங்கள்" என்று சொல்லாமல் அம்மா தானே ஒரு நிமிடம் மிதித்துக் காட்டிவிட்டு எழுந்து இடம் கொடுத்தால் நல்லது.

பாதுகாப்புக்குச் சில. நாற்காலிக்குச் சக்கரம் இருக்கக் கூடாது. முதுகுப் பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கட்டும். பெடல் நழுவாமல் இருக்க அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். வேட்டி பெடலில் சிக்கும், ஆகவே அந்த நேரத்துக்குப் பைஜாமா. இதயமோ மூட்டோ சிக்கல் என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பத்து நிமிடம் போதும், காலை வேளையில். மாலையில் குழப்பமும் பதற்றமும் கூடுகிறவர்கள் பலர். அந்த நேரத்தில் தெருவைக் காட்டினால் "பை எங்கே, தபால் கொடுக்க நேரமாகிவிட்டது" என்று கிளம்பிவிடலாம். அப்படிக் கேட்டால் "நீங்கள் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது" என்று திருத்தாதீர்கள். ஒரு கட்டுப் பழைய உறைகளைக் கொடுத்துத் தெருவாரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

இனி டேப்லெட். டிமென்ஷியா உள்ளவர்களால் புதிதாக ஒரு தொடுதிரை விளையாட்டைக் கற்றுக்கொள்ளவே முடியாது என்று மருத்துவர்களிலேயே பலர் நினைத்திருந்தார்கள். பிரிட்டனில் ஃபில் ஜோட்ரெல், ஆர்லீன் ஆஸ்டெல் என்ற ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்று, தனியாக ஆடும் சாலிடேர் சீட்டாட்டம். மற்றொன்று, குமிழிகளை உடைக்கும் ஆட்டம். முதலாவது பழகியது, இரண்டாவது புதியது. இரண்டையுமே பலர் உதவியின்றி ஆடினார்கள், ரசித்தார்கள். எல்லோருக்குமாகச் செய்த விளையாட்டுகள்கூட, கொஞ்சம் மாற்றினால் இவர்களுக்குப் பொருந்தும் என்று அதிலிருந்து தெரிந்தது. உங்கள் அப்பாவுக்குச் சீட்டுப் பழக்கம் உண்டென்றால் அதிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் வண்ணம் தீட்டுவது, மீன் தொட்டி போலத் தொட்டால் நீர் அசைவது, இப்படி ஏதாவது. கடிகாரம் ஓடாத விளையாட்டாகப் பாருங்கள்.

உண்மையில் டேப்லெட்டைக் கெடுப்பது விளம்பரம். ஆட்டத்தின் நடுவே திடீரென்று ஒரு பெண் கத்திக்கொண்டு வருவாள். மூடும் குறி ஓரத்தில் எறும்பளவுக்கு இருக்கும். அவருக்கு அது புரியாது. தான் எதையோ உடைத்துவிட்டதாக நினைப்பார். காசு கொடுத்தாவது விளம்பரமில்லாத செயலியை வாங்குங்கள், அல்லது இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். அடுத்து, ஒரு செயலியைவிட்டு வெளியே போகாமல் பூட்டிவைக்கும் வசதி. ஐபேடில் கைடட் ஆக்சஸ் என்றும் ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் என்றும் அமைப்புகளுக்குள் இருக்கும். அறிவிப்புகள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வயதானவர்களின் விரல் நுனி வறண்டிருப்பதால் திரை சில நேரம் தொடுதலை உணராது. அவர்கள் அழுத்திப் பிடிப்பார்கள், உடனே வேறு பட்டியல் திறந்துகொள்ளும். தொடுதிரைக்கான தடித்த பேனா ஒன்று கொடுத்துப் பாருங்கள். சாய்வுத் தாங்கியில் வைத்து, ஒரே இடத்தில், ஒரே மேசையில், ஏற்கெனவே திறந்த நிலையில் இருக்க வேண்டும். திறக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தால் அங்கேயே முடிந்தது.

படம் காட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எல்லாருமே குடும்பப் படங்களை ஏற்றித் தருகிறார்கள். பிறகு வருகிறவர் போகிறவர் எல்லாம் "இது யார், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று தேர்வு வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்காட்லாந்தில் ஆஸ்டெலும் அவருடைய சகாக்களும் சிர்கா என்ற தொடுதிரைக் கருவியை உருவாக்கியபோது, குடும்பப் படங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு, ஆவணக் காப்பகங்களில் இருந்த பொதுவான பழைய படங்கள், பாட்டுகள், காட்சிகளை வைத்தார்கள். பொதுப்படத்துக்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது. பழைய கடைத்தெரு ஒன்றைப் பார்த்து அவர் எதைச் சொன்னாலும் அது அவருடைய கதை. பக்கத்தில் இருப்பவர் கேட்பவராக மாறிவிடுகிறார். பேச்சை நடத்தும் பொறுப்பு நோயாளியின் கைக்குத் திரும்புகிறது. உங்கள் அப்பாவுக்கென்றால் இன்லேண்ட் லெட்டர், மணியார்டர் படிவம், சிவப்புத் தபால் பெட்டி, ரயிலடி, மகாமகக் கூட்டம் என்று தேடி எடுங்கள். பின்கோடு 1972இல்தான் வந்தது; வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் அதைப் பழகியிருப்பார். 612001 என்று எழுதிக் காட்டினால் எந்தப் பகுதி என்று அவரே உங்களுக்குப் பாடம் நடத்தக்கூடும்.

பாட்டுக்கு அவருடைய பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த வயதின் நினைவுகள்தான் எல்லோருக்கும் அடர்த்தியாகத் தங்குகின்றன. அவருக்கு அது ஏறக்குறைய 1960 முதல் 1980 வரை. பழைய ரேடியோ மாதிரி குமிழ் வைத்துப் பழைய பாடல்களோடு வரும் சரிகம கார்வான் போன்ற பெட்டி, கைப்பேசிச் செயலியைவிட இவர்களுக்கு எளிது. நாள் முழுவதும் ஒலிக்கவிடாதீர்கள். அரைமணி நேரம் கேட்டு, தாளம் போட்டு, பிறகு அணைத்துவிடுங்கள்.

அந்த டிவியையும் அப்படியே. நோய் முற்றும்போது சிலருக்குத் திரையில் இருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பதாகத் தோன்ற ஆரம்பிக்கும். சீரியலில் நடக்கும் சண்டையும் செய்தியில் காட்டும் வெள்ளமும் அவர்களுக்குக் கூடத்திலேயே நடக்கும். காரணமில்லாமல் பயப்படுகிறார் என்று அம்மா சொன்னால் முதலில் என்ன சேனல் ஓடியது என்று கேளுங்கள்.

ரோபோ பற்றிக் கேட்டீர்கள். பாரோ என்பது குட்டிக் கடல்நாய் வடிவ ரோபோ. ஜப்பானில் தகனோரி ஷிபாத்தா 1993இல் தொடங்கிய வேலை, 2005இல் விற்பனைக்கு வந்தது, 2009இல் அமெரிக்காவில் மருத்துவக் கருவியாக அனுமதி பெற்றது. தடவினால் நெளியும், குரல் கொடுக்கும். பதற்றம் மிகுந்த, பேச்சு நின்றுபோன சிலருக்கு அது அமைதி தருகிறது. உங்கள் அப்பா இன்னும் தெருவில் நடக்கக்கூடியவர். அவர் மடியில் பொம்மையை வைக்கும் காலம் இது அல்ல. தலையில் மாட்டும் மெய்நிகர் கண்ணாடியும் வேண்டாம். தலைசுற்றும், கூட இருப்பவரை மறைத்துவிடும்.

நடப்பதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் வழி தவறிவிடுவார் என்று பயந்துதான் அவரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இடங்காட்டும் ஜிபிஎஸ் கருவியின் பயன் அவரைப் பிடித்து வைப்பதில் இல்லை, அவரை வெளியே விடுவதில் இருக்கிறது. நார்வே 2013இல் சட்டத்தைத் திருத்தி, ஒப்புதல் தரும் நிலையில் இல்லாத டிமென்ஷியா நோயாளிகளுக்கும் அவர்களுடைய நன்மைக்கென்றால் இதைப் பயன்படுத்த வழி செய்தது. உங்கள் அப்பாவிடம் இப்போதே கேட்டுவிடலாம். "நீங்கள் தனியாக நடந்துவிட்டு வர இது உதவும்" என்றால் புரிந்துகொள்ளும் நிலையில்தான் இருக்கிறார். சிம் போட்டுத் தானே இடத்தைச் சொல்லும் கருவியாக வாங்குங்கள். சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் வில்லைகள் பக்கத்தில் வேறு கைப்பேசி இருந்தால்தான் இடம் காட்டும். கடிகார வடிவில் வாங்கினால் கழற்றி வைத்துவிடுவார். எப்போதும் அணியும் ஒன்றோடு சேர்த்துவிடுங்கள். தினமும் சார்ஜ் போடும் நேரத்தை அம்மாவின் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். தெருமுனை டீக்கடைக்காரரிடமும் கோயில் வாசல் பூக்காரம்மாவிடமும் விஷயத்தைச் சொல்லி எண்ணைக் கொடுத்துவையுங்கள். சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு அட்டை இருக்கட்டும்.

வீட்டுக்குள் கேமரா வைக்கும் யோசனை வந்தால், அம்மாவிடமும் கேளுங்கள். அவரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

இந்தக் கருவிகள் எதுவுமே தனியாக அப்பாவை வைத்துக்கொள்ளாது. முதல் சில வாரம் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அந்தச் சுமையை அம்மா தலையில் கட்டிவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது. அவருக்கு ஓய்வு கிடைக்கப் பகல்நேரப் பராமரிப்பு மையமோ, வாரத்தில் சில மணி நேரம் வந்து உட்காரும் ஆளோ கிடைத்தால் முதல் செலவு அதற்குத்தான். நைஸ் வழிகாட்டி பரிந்துரைப்பதும் குழுவாக நடத்தும் அறிவாற்றல் தூண்டல் சிகிச்சையைத்தான். லண்டனில் எய்மி ஸ்பெக்டர் குழு உருவாக்கிய அது ஏழு வாரத்தில் 14 அமர்வு. சிலர் கூடி உட்கார்ந்து பேச்சு, பாட்டு, விளையாட்டு என்று போகும். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் அதைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றி நடத்தியிருக்கிறது. அருகில் யார் நடத்துகிறார்கள், வீடியோ வழியாகச் சேர முடியுமா என்று அப்பாவைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

நீங்கள் பெங்களூரிலிருந்து வீடியோ அழைப்பில் வரும்போது "சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா" என்று விசாரிப்பதை அம்மாவிடம் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் ஏதாவது செய்யுங்கள். அவர் கையில் நாலு துண்டு, உங்கள் கையில் நாலு துண்டு, சேர்ந்து மடியுங்கள். அல்லது நீங்கள் உறையின் முகவரியைப் படியுங்கள், அவர் எந்தத் தெரு என்று பிரிக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில், பத்து நிமிடம்.

பெடலும் வீடியோவும் முதலில். அது ஒரு மாதம் ஓடட்டும். பிறகு ஜிபிஎஸ். டேப்லெட் கடைசியில், அதுவும் உங்களுடைய பழைய டேப்லெட் இருந்தால் அதிலேயே சோதித்துப் பார்த்துவிட்டு. ஆறு மாதத்தில் அவர் நிலை மாறியிருக்கலாம். அப்போது முதலில் கழன்றுபோவது தொடுதிரைதான், பாட்டும் கையால் செய்பவையும் பின்னும் நீளும். வீடியோ எடுக்கப் போகும்போது காலை ஏழு மணிக்குள் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கும்பகோணம் கடைத்தெருவில் சைக்கிள் வேகத்தில்கூடப் போக முடியாது.